மலை என்றால் மரக்கட்டை வீடா?

கொல்லிமலையில் ஓய்வு இல்லமோ விடுதியோ கட்ட நினைப்பவர்கள் பலர் சொல்வது இது: உருட்டுக் கட்டைகளை அடுக்கிக் கட்டும் வீடுதான் மலைக்கு ஏற்றது, அது மரபு, குளிர் தாங்கும், சூழலைக் கெடுக்காது. இந்த மூன்றில் ஒன்றுகூட அந்த மலையின் ஒரு பகுதியான திருப்புலி நாட்டுக்குப் பொருந்தாது.

முதலாவது, மரபு. கட்டை அடுக்கிய சுவர், பைன் மரங்கள் நெடுநெடுவென்று வளரும் குளிர்நாடுகளின் கலை. ரஷ்யாவின் கிழி தீவில் 1714-ல் எழுந்த மரத் தேவாலயம் அதற்குச் சான்று. இமாச்சலத்தில்கூடத் தேவதாருக் கட்டையையும் கல்லையும் மாற்றி மாற்றித்தான் அடுக்கினார்கள். கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் கட்டியதோ மூங்கில் தட்டியும் மண் பூச்சும் புல் கூரையும் கொண்ட வீடு. மரத்தைத் தூணுக்கும் உத்திரத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாவது, குளிர். 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் உள்ள இந்த மலையில் வீட்டுக்குப் பகை குளிரல்ல, மழையும் கறையானும்தான். பச்சைக் கட்டை காயக் காயச் சுருங்கும். சுவர் மீட்டருக்குச் சில சென்டிமீட்டர் இறங்கும். அதனால்தான் பின்லாந்துத் தச்சர்கள் சன்னல் நிலைக்கு மேல் இடைவெளி விடுகிறார்கள். மேல் கட்டையின் அடியில் நெடுகக் காடி எடுத்து, கீழ்க் கட்டையின் முதுகில் கவிழ்த்து, நடுவில் பாசி திணிக்கிறார்கள்; மழைநீர் வழிந்துவிடும். இன்றைய ஆலைகளில் பலகைகளை உலர்த்திப் பசையிட்டு ஒட்டிய கட்டைகள் செய்கிறார்கள். சுருக்கம் குறையும், கறையான் குறையாது. இந்த நுணுக்கம் எதுவுமின்றி ஆணியடித்து அடுக்கினால், இடுக்கில் நீர் தங்கிக் கட்டை உளுத்துப்போகும்.

மூன்றாவது, சூழல். ‘தோட்டத்துச் சில்வர் ஓக்கைத்தானே வெட்டுகிறோம், காட்டையா அழிக்கிறோம்?’ என்கிறார்கள். காப்பிக்கு நிழலும் மிளகுக் கொடிக்குப் பற்றும் அந்த மரம்தான். கணக்கும் போட்டுப் பார்க்கலாம். 5-க்கு 4 மீட்டர் அறை, 2.5 மீட்டர் உயரச் சுவர், 20 செ.மீ. சதுரக் கட்டை என்றால், வாசல் சன்னல் கழித்தும் சுவருக்கு மட்டும் சுமார் 8 கன மீட்டர் மரம் போகும். தூணும் உத்திரமும் நிறுத்தித் தட்டி கட்டினால் 1 கன மீட்டருக்குள் முடியும்.

மண்சுவர் மழையில் கரையாதா? உயரமான கல் அடித்தளமும் தாழ இறங்கிய கூரையும் இல்லாவிட்டால் கரையும். புல் கூரையில் தீப் பயமும் மாற்றும் செலவும் உண்டு; கான்கிரீட்டுக்கு மாறிய குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்று மூங்கிலைப் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊறவைத்துப் பூச்சி அரிக்காமல் காக்கலாம். மண்ணில் சிறிதளவு சிமென்ட் கலந்து அழுத்திய கற்கள் பற்றிப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் 1970-களிலிருந்தே ஆராய்ந்து வருகிறது. கூரைக்கு ஓடு போதும்.

திருப்புலி நாட்டில் கட்டப்போகிறவர் கட்டைக்கு விலை பேசும் முன், தட்டி கட்டி மண் பூசத் தெரிந்த மலையாளிப் பெரியவர்களைத் தேடிப் போகட்டும். உரிய கூலி கொடுத்து அவர்களை முன்னிறுத்திக் கட்டட்டும். மரமும் நிற்கும், அந்தத் தொழிலும் அடுத்த தலைமுறைக்குப் போகும்.