டாக்டரம்மா பதில்: தலையில் அடி, தீராத வலி

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "ஐந்து மாதத்துக்கு முன் கிரிவலப் பாதையில் மொபெட்டிலிருந்து விழுந்து தலையில் அடி. ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னுட்டாங்க. ஆனால் அன்றிலிருந்து தலைவலி விடவில்லை. தினமும் கடை மாத்திரை போட்டுக்கொண்டுதான் அடுப்படிக்குள் நுழைகிறேன். வேலை செய்யச் சோம்பி சாக்குச் சொல்றான்னு வீட்டில் பேச்சு. கைக்குழந்தைக்குப் பாலும் கொடுக்கிறேன். என்ன செய்வது?"

சகோதரி, முதலில் உங்கள் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. இது சாக்கு இல்லை. ஸ்கேனில் ரத்தக்கசிவும் எலும்பு முறிவும் தெரியும், வலி தெரியாது. அடிபட்ட 7 நாளுக்குள் ஆரம்பித்து 3 மாதத்துக்கு மேலும் நீடிக்கிற தலைவலியை டாக்டர்கள் தனி வியாதியாகவே கணக்கில் வைத்திருக்கிறார்கள்.

இதற்கென்றே தனி மாத்திரை கிடையாது. வலியின் தன்மையைப் பார்த்துத்தான் மருந்து. விண்விண்ணென்று தெறித்து, குமட்டலும் கண்கூச்சமும் இருந்தால் ஒற்றைத் தலைவலிக்கான வைத்தியம். தலையைச் சுற்றிக் கயிறு கட்டினாற்போல் இறுக்கினால் அதற்கு வேறு.

மருந்துகள் இரண்டு வகை. ஒன்று, வந்த வலியை நிறுத்துவது: பாரசிட்டமால், ஐபுப்ரோஃபென், ஒற்றைத் தலைவலிக்கு சுமாட்ரிப்டான். வம்பே இங்கேதான். பாரசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, பல மருந்து கலந்த மாத்திரையையும் சுமாட்ரிப்டானையும் 10 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால், அந்த மாத்திரையே தலைவலியைக் கொண்டு வரும்! உங்கள் விஷயத்தில் எனக்கு அந்தச் சந்தேகம்தான். வாரத்துக்கு இரண்டு நாளுக்கு மேல் வேண்டாம். குறைக்கும்போது சில நாள் வலி கூடும். அதனால் டாக்டரைக் கேட்டுக்கொண்டே குறையுங்கள்.

இன்னொன்று, வலி வராமல் தடுப்பது. அமிட்ரிப்டிலின் என்ற மாத்திரையைக் குறைந்த அளவில் இரவில் தருவார்கள். வாய் உலரும், தூக்கம் வரும். "மனசு சரியில்லாதவங்களுக்குத் தர்ற மாத்திரையாச்சே" என்று யாராவது சொன்னால் பயப்படாதீர்கள். வலிக்கும் அது நல்ல மருந்து. ப்ரொப்ரனலால் இன்னொன்று, ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகும். நாலு நாளில் நிறுத்திவிடாதீர்கள்.

பால் கொடுப்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். பாரசிட்டமாலும் ஐபுப்ரோஃபெனும் அளவோடு சாப்பிட்டால் பால் கொடுக்கத் தடையில்லை. அடுத்த குழந்தைக்கு எண்ணமிருந்தால் அதையும் சொல்லுங்கள். வால்ப்ரோயேட், டோபிரமேட் இரண்டும் கருவிலிருக்கும் சிசுவைப் பாதிக்கும்.

பால் கணக்கு எழுதும் காலண்டரிலேயே வலித்த நாளுக்கு ஒரு புள்ளி, மாத்திரை போட்ட நாளுக்கு ஒரு பெருக்கல் குறி போடுங்கள். ஒரு மாதக் கணக்கையும் பழைய ஸ்கேனையும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள்.

எல்லோரும் கவனிக்க: தலையில் அடிபட்டபின் திரும்பத் திரும்ப வாந்தி, மயக்கம், வலிப்பு, குழறும் பேச்சு, ஒரு பக்கக் கை கால் பலவீனம், மூக்கிலோ காதிலோ தண்ணீர் போல் ஒழுகுதல் — இதில் ஒன்று கண்டாலும் மாத்திரையைத் தேட வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். வயதானவர்களுக்குச் சில வாரம் கழித்துக்கூட உள்ளே ரத்தம் கட்டலாம். பின் சீட்டில் உட்காரும் நமக்கும் ஹெல்மெட் உண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறுங்கள்.