ஜால்ராவை ஒதுக்காதீங்க!



ஆண்டு விழா என்றாலே இப்போது மேடையில் எலக்ட்ரானிக் டிரம் பேட்தான் ராஜா! ரோலண்ட் கம்பெனி 1985-ல் எட்டுச் சதுரங்களோடு ஆக்டோபேடைக் கொண்டுவந்தது. பின்னால் வந்த மாடல்களில் தபேலா, டோலக் எல்லாம் உள்ளேயே அடங்கிவிட்டன. தூக்கிட்டுப் போறதும் சுலபம். அதை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் ஒரு சந்தேகம். டிரம் சத்தம் ஜோரா வருது. சிம்பல் மட்டும் ஏன் தகரத்தைத் தட்டின மாதிரி 'டிஷ்ஷு'ன்னு வந்து 'புஸ்ஸு'ன்னு அடங்குது?

காரணம் இருக்கிறது. சிம்பலும் ஜால்ராவும் செம்பும் வெள்ளீயமும் கலந்த வெண்கலம். தட்டினால் பல அதிர்வுகள் ஒன்றாக எழும். ஓரத்தில் தட்டினால் ஒரு நாதம், நடுக்குமிழில் வேறு நாதம். முதல் அடி அடங்கும் முன்பே அடுத்த அடி அதோடு கலக்கும். பேடில் இருப்பதோ பதிவு செய்த சத்தம். விலை குறைந்த பேடில் எத்தனை தடவை அடித்தாலும் அதே சத்தம்தான். வேகமாக அடித்தால் மெஷின் கன் சுடுகிற மாதிரி இருக்கும்!

என் யோசனைகள்:

1. சிம்பலுக்கு இரண்டு சதுரம் ஒதுக்கி, இரண்டு வேறு சத்தம் வைத்து மாற்றி மாற்றி அடிக்கலாம்.
2. எல்லா அடியும் ஒரே பலத்தில் வேண்டாம். மெதுவாக அடித்தால் மெதுவாக ஒலிக்கும்படி செட்டிங் வைக்கலாம்.
3. குழாய் ஸ்பீக்கர் வேண்டாம். சிம்பலின் மினுமினுப்பு மேல் ஸ்தாயியில் இருக்கிறது. அதற்குப் பெட்டி ஸ்பீக்கர்தான் சரி.
4. பேடோடு ஒரு ஜோடி நிஜ ஜால்ராவும் இருக்கட்டும். மைக்கை விட்டு இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்தால் போதும்.

நாலாவதுதான் முக்கியம். 'ஜால்ரா'ன்னாலே கேலி! "பேட் இருக்கே, நீ எதுக்குடா?" என்று ஜால்ரா தட்டுகிறவனை உட்கார வைத்துவிடுகிறார்கள். இது நியாயமா?

நாம் இருப்பது எந்த ஊர்? இறைவன் ஆடிய இரத்தின சபை! காரைக்கால் அம்மையார் இந்த ஊர்ப் பதிகத்தில் மத்தளம், குடமுழா, வீணையோடு தாளத்தையும் சேர்த்தே பாடியிருக்கிறார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் உள்ள சோழர் காலத்து வெண்கலச் சிலையிலும் அம்மையார் கையில் இருப்பது தாளம்தான்.

சீர்காழி பக்கம் திருக்கோலக்காவில் சம்பந்தருக்கு இறைவன் பொற்றாளம் தந்தாராம். பொன்னில் நாதம் வருமா? அம்பாள்தான் ஓசை கொடுத்தாளாம். அதனால் அவள் பெயர் ஓசை கொடுத்த நாயகி. பொன்னோ, பேடோ, பளபளப்பு மட்டும் போதாது. ஓசை வேண்டும்!

வரும் ஆண்டு விழாவில் பேடும் ஜால்ராவும் சேர்ந்தே மேடை ஏறட்டும். ஆசிரியர்கள் ஆவன செய்வார்களா?



– 11-ஆம் வகுப்பு மாணவன்