படுக்கையில் சேராத நோய்க்கும் காப்பீடு: பிசிஓஎஸ் உள்ள பெண்களின் கோரிக்கைச் சாசனம்

காப்பீட்டு நிறுவனங்களுக்கும், காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்துக்கும், தமிழ்நாடு அரசுக்கும் பிசிஓஎஸ் என்ற சினைப்பை நீர்க்கட்டி நோய் உள்ள பெண்களாகிய நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் நூற்றுக்கு 10 முதல் 13 பேருக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. சிகாகோ மருத்துவர்கள் ஸ்டைனும் லெவந்தாலும் இதை விவரித்து எழுதியது 1935இல். பிரீமியத் தேதி நெருங்கினால் விடாமல் குறுஞ்செய்தி அனுப்பத் தெரிந்தவர்கள், இந்த நோய்க்கு வழிசெய்ய இன்னும் எத்தனை காலம் எடுத்துக்கொள்வார்கள் என்பதே எங்கள் கேள்வி.

முதல் கோரிக்கை, வெளிநோயாளிச் செலவை ஏற்க வேண்டும். மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் 24 மணி நேரம் படுத்தால்தான் பெரும்பாலான பாலிசிகள் பணம் தரும். பிசிஓஎஸ் அப்படிப் படுக்கவைக்கும் நோய் அல்ல. மருத்துவர் கட்டணம், ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, சர்க்கரை, கொழுப்பு, மாத்திரை என்று நடந்துபோய் நடந்துவரும் செலவு இது; ஆண்டுக்கணக்கில் தொடர்வது. சரி, ஒரு நாள் சேர்ந்தே பரிசோதனை செய்துகொள்ளலாம் என்றால், பரிசோதனைக்காக மட்டும் சேர்ந்தால் பணம் கிடையாது என்ற விலக்கும் பாலிசியில் அச்சாகியிருக்கிறது. ஆகவே ஒவ்வொரு அடிப்படை பாலிசியிலும், தனியாகக் காசு கட்டி வாங்கும் ரைடராக இல்லாமல், இந்த நோய்க்கென்று ஓர் ஆண்டுத் தொகை இருக்க வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை மருத்துவரைப் பார்க்கவும், ஒரு ஸ்கேனுக்கும், குளுக்கோஸ் குடித்து எடுக்கும் சர்க்கரைப் பரிசோதனைக்கும், மாதாந்தர மாத்திரைக்கும் போதுமான தொகை. பிசிஓஎஸ் உள்ளவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு அதிகம். அது முற்றி நாங்கள் கட்டிலில் சேரும் நாளில் பெரிய பில்லைக் கட்டப்போவது இதே நிறுவனங்கள்தான். கணக்குப் பார்த்தே பிழைப்பவர்களுக்கு இந்தக் கணக்கு மட்டும் ஏன் பிடிபடவில்லை?

இரண்டாவது, மாத்திரையின் பெயரைப் பார்த்து மறுக்கக் கூடாது. அது எந்த நோய்க்கு எழுதப்பட்டது என்று பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் மாதவிலக்கு வராமல் இருந்து, வந்தபின் நிற்காமல் போகும் பெண்ணுக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதும் ஹார்மோன் மாத்திரை, கருத்தடை மாத்திரையும்கூட. பாலிசிகளில் மலட்டுத்தன்மைக்கென்று ஒரு விலக்கு உண்டு. கருத்தடை, ஐவிஎஃப், வாடகைத் தாய் முறை எல்லாவற்றையும் அந்த ஒரே பத்தியில் அடைத்துவைத்திருக்கிறார்கள். பிள்ளைப்பேற்றை நினைத்தே பார்க்காத கல்லூரி மாணவியின் ரத்தப்போக்குக்கும் அந்தப் பத்தியைக் காட்டிக் கதவைச் சாத்திவிடலாம். கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் பெரியம்மாக்களையாவது மன்னித்துவிடலாம். அதே நினைப்பில் விதி எழுதியவர்களை எப்படி மன்னிப்பது? கருப்பையின் உட்சவ்வு மாதக்கணக்கில் உதிராமல் தடித்துக்கொண்டே போனால் புற்றுநோய் ஆபத்து கூடும். அதனால் இது அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கும் வேலை அல்ல. பிசிஓஎஸ் சிகிச்சை இந்த விலக்கில் அடங்காது என்று ஆணையம் ஒரு வரி எழுதினால் போதும். 2024 மே மாதம் ஒரே முதன்மைச் சுற்றறிக்கையால் 55 பழைய சுற்றறிக்கைகளை நீக்கிய ஆணையத்துக்கு இது பெரிய வேலை அல்ல.

மூன்றாவது, உண்மையைச் சொன்னவளைத் தண்டிக்காதீர்கள். முன்பே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை 2024 ஏப்ரலில் ஆணையம் 48 மாதத்திலிருந்து 36 ஆகக் குறைத்தது. நல்லது. ஆனால் விண்ணப்பத்தில் பிசிஓஎஸ் என்று எழுதினால் லோடிங், அதாவது பிரீமியத்தின் மேல் வைக்கும் கூடுதல் தொகை, எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டி யாரும் சொல்வதில்லை. “அதையெல்லாம் எழுதாதீங்க மேடம்” என்று காதோடு சொல்லும் ஏஜெண்ட், க்ளைம் மறுக்கப்படும் நாளில் பக்கத்தில் இருக்கமாட்டார். பிசிஓஎஸ்ஸைக் காரணம் காட்டி பாலிசி மறுக்கக் கூடாது. லோடிங் அட்டவணையை ஒவ்வொரு நிறுவனமும் வெளியிட வேண்டும். பின்னாளில் வரும் சர்க்கரையையோ இரத்தக் கொதிப்பையோ பழைய பிசிஓஎஸ்ஸின் கணக்கில் எழுதி க்ளைமைத் தள்ளவும் கூடாது.

நான்காவது, மன அழுத்தத்துக்கான சிகிச்சை. பிசிஓஎஸ் உள்ளவர்களிடம் மனச்சோர்வும் பதற்றமும் அதிகம் என்பதால் எல்லோருக்கும் அதைப் பரிசோதிக்கச் சொல்கிறது 2023இன் சர்வதேச வழிகாட்டுதல். உடல் நோய்க்குத் தரும் காப்பீட்டை மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017இன் மனநலச் சட்டமும் சொல்லிவிட்டது. சட்டம் இருக்கிறது, அமல்தான் பாக்கி.

ஐந்தாவது, மறுப்புக் கடிதம் எங்களுக்குப் புரிய வேண்டும். தமிழில், எந்த விதியின்படி மறுப்பு என்ற எண்ணோடு, மகப்பேறு மருத்துவரோ நாளமில்லாச் சுரப்பி மருத்துவரோ பார்த்துக் கையெழுத்திட்டதாக வர வேண்டும். ஸ்கேனில் நீர்க்கட்டி தெரியவில்லை என்பது மறுப்புக்குக் காரணம் ஆகாது. நோயை உறுதிசெய்ய மூன்று அறிகுறிகளில் இரண்டு இருந்தால் போதும் என்று 2003லேயே ராட்டர்டாமில் கூடிய மருத்துவ நிபுணர்கள் வகுத்துவிட்டார்கள். வயதுக்கு வந்து எட்டு ஆண்டுக்குள் இருக்கும் பெண்களுக்கு ஸ்கேனை வைத்து நோயை முடிவுசெய்யவே கூடாது. நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டால், கட்டணமில்லாமல் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம் என்ற விவரமும் அந்தக் கடிதத்திலேயே இருக்கட்டும். சென்னையில் குறைதீர்ப்பாளரின் அலுவலகம் இருப்பதே எங்களில் பலருக்குத் தெரியாது.

ஆறாவது, இ.எஸ்.ஐ. மருந்தகங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் வாங்கும் திருப்பூர் பனியன் கம்பெனிப் பெண்களுக்கு இ.எஸ்.ஐ. காப்பீடு இருக்கிறது, வெளிநோயாளிச் சிகிச்சையும் அதில் உண்டு. ஆனால் ஷிப்டை விட்டுவிட்டுப் போனால் அன்றைய கூலி போய்விடும். வாரத்தில் ஒரு மாலையாவது இ.எஸ்.ஐ. மருந்தகங்களில் பெண் மருத்துவர் இருக்க வேண்டும்.

கடைசியாக, தமிழ்நாடு அரசிடம் கேட்பது இது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அதுவும் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான். ஆனால் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் வீட்டு வாசலிலேயே மாத்திரை கொடுக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்குத் தரும் மெட்ஃபார்மின்தான் எங்களில் பலருக்கும் மருத்துவர் எழுதிக்கொடுப்பது. அந்தத் திட்டத்தின் நோய்ப் பட்டியலில் பிசிஓஎஸ்ஸைச் சேர்த்து இந்த நிதியாண்டுக்குள் அரசாணை வெளியிட வேண்டும். மெட்ஃபார்மினைப் பொறுத்தவரை புதிய மருந்துகூட வாங்க வேண்டியதில்லை.