மெனு அட்டையின் முன் ஏன் இந்த மௌனம்?

திண்டுக்கல்லில் ஆட்டிறைச்சி வாங்கும்போது, அறுத்தவர் யார், பிஸ்மில்லாஹ் கூறி அறுத்தாரா என்று விசாரிக்கத் தயங்காதவர்கள் நாம். அதே நாம் விடுமுறையில் மதுரைக்கோ சென்னைக்கோ சென்று, பிள்ளைகளின் ஆசைக்காகத் தாய்லாந்து உணவகத்தில் அமர்ந்ததும் வாயடைத்துப் போகிறோம். "சிக்கன் ஹலால்தானே?" என்று ஒரு கேள்வி, "ஆமாம் பாய்" என்று ஒரு பதில். அத்துடன் நம் பேணுதல் முடிந்துவிடுகிறது.

அந்த ஒரு கேள்வி போதாது. கோழி முறையாக அறுக்கப்பட்டதாகவே இருக்கட்டும்; அதை வதக்கிய வாணலியில் சற்று முன் பன்றி இறைச்சி வதங்கியிருந்தால்? துளசி இலை சேர்த்து வதக்கும் பாட் கப்ராவ், தாய்லாந்தில் பன்றிக் கொத்துக்கறியிலும் பரவலாகச் சமைக்கப்படுவது. சீன முறையில் வதக்கும் உணவுகளில் மது சேர்க்கும் வழக்கமும் உண்டு. "நாங்கள் சைவம்தானே சொன்னோம்" என்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். அதே வாணலி, அதே சாஸ்தான் சைவ உணவுக்கும்.

மத்ஹபையும் மறந்துவிடுகிறோம். நம் பகுதி ராவுத்தர் குடும்பங்கள் பெரும்பாலும் ஹனஃபி. கடலோர மரைக்காயர் குடும்பங்கள் ஷாஃபிஈ. கணவாயும் சிப்பியும் ஷாஃபிஈ மத்ஹபில் ஆகும். மீனல்லாத கடல் உயிரினங்கள் ஹனஃபி மத்ஹபில் ஆகா. இறாலில் ஹனஃபி உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனவே சிப்பியிலிருந்து செய்யும் ஆய்ஸ்டர் சாஸ் சேர்ந்த ஒரே தட்டு, மரைக்காயர் மாமியாருக்கு ஆகும். ராவுத்தர் மருமகளுக்கு ஆகாது.

மறுபுறம், மீன் சாஸின் வாடை பட்டதுமே "ஹராம்" என்று தட்டை ஒதுக்குவோரும் நம்மில் உள்ளனர். நெத்திலி போன்ற சிறு மீன்களை உப்பிலிட்டு மாதக்கணக்கில் ஊறவைத்து வடிப்பதே அது; நம் கருவாட்டுக்கு உறவு. அல்லாஹ் ஆகுமாக்கியதை அறியாமையால் விலக்க நமக்கு உரிமை ஏது? பட்டையும் ஏலமும் மணக்கும் மசமன் குழம்பின் பெயரே 'முஸல்மான்' என்பதன் திரிபு என்பர்.

"இவ்வளவு கேட்டால் பரிமாறுபவர் என்ன நினைப்பார்?" என்பதே பலரின் தயக்கம். வெங்காயமும் பூண்டும் சேர்ந்துள்ளதா என்று ஜைனர்கள் தயங்காமல் கேட்கிறார்கள்; எவரும் அவர்களை இழிவாக எண்ணுவதில்லை. நமக்கு மட்டும் ஏன் கூச்சம்?

தெளிவான ஹலாலுக்கும் தெளிவான ஹராமுக்கும் இடையிலுள்ள சந்தேகமானவற்றைத் தவிர்ப்பவர் தம் மார்க்கத்தைக் காத்துக்கொள்கிறார் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. ஆகவே ஆர்டர் செய்யுமுன் கேட்போம்: இங்கே பன்றி இறைச்சி சமைக்கிறீர்களா? வாணலி தனியா? மது சேருமா? எந்த சாஸ்? இயன்றால் சாஸ் புட்டியைக் கொண்டுவரச் சொல்லி ஹலால் முத்திரையைப் பார்ப்போம். பதில் தெளிவாக இல்லையெனில் எழுந்து வருவோம். நம் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். நாம் கேட்டால்தான் நாளை அவர்களும் கேட்பார்கள்.