60 நாள் முன்பதிவு

புற்றுநோய் நான்காம் நிலை என்று தெரிந்ததும் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்களில் இரண்டு வகை உண்டு. வாசலிலேயே என்னைத் தனியே இழுத்து, "டாக்டர் எத்தனை மாசம்னு சொன்னாரு?" என்று கேட்பவர்கள் ஒரு வகை. நேரே உள்ளே போய், "ஒண்ணுமில்ல மாமா, எல்லாம் சரியாயிரும்" என்று சொல்லிவிட்டுக் காப்பி குடிப்பவர்கள் இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகையை அப்பா நம்புவதே இல்லை.

அவருக்குப் பெருங்குடலில் தொடங்கிக் கல்லீரலுக்குப் பரவியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கீமோ. மருத்துவமனையில் சில மணி நேரம் ஏற்றிய பிறகு, மிச்ச மருந்தை ஒரு சின்ன பம்ப்பில் அடைத்து, மார்புத் தோலுக்கடியில் பதித்திருக்கும் போர்ட்டில் மாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். 46 மணி நேரம் அது உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும். பம்ப்பை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டு அப்பா டீக்கடைக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வருவார். ஆக்ஸாலிபிளாட்டின் ஏறிய நாட்களில் குளிர்ந்த எதைத் தொட்டாலும் விரலில் ஷாக் அடிக்கும். கோடையில் பானைத் தண்ணீர் குடிக்க முடியவில்லையே என்பதுதான் அவருக்கு நோயைவிடப் பெரிய குறை.

மாசக் கணக்கு கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு கதை உண்டு. அமெரிக்கத் தொல்லுயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982இல் வயிற்றுச் சவ்வில் மீசோதீலியோமா என்ற அரிய புற்றுநோய். இடைநிலை ஆயுள் 8 மாதம் என்றன மருத்துவ நூல்கள். பாதிப் பேர் அதற்குள் போய்விடுகிறார்கள் என்பதுதான் அந்த எண்ணுக்குப் பொருள். மீதிப் பாதி எவ்வளவு தூரம் போகும் என்பதை அது சொல்லவில்லை என்று அவர் கணக்குப் பார்த்தார். அதன்பின் 20 ஆண்டு இருந்தார். இதை அப்பாவிடம் ஆசையாகச் சொன்னேன். "நாலாம் மாசம் போனவன் வந்து கதை சொல்லமாட்டான்ல?" என்றார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரிடம் இதைக் கொண்டுபோயிருக்கக் கூடாது.

வலிக்கும் தூக்கத்துக்கும் பார்க்கிற பேலியேட்டிவ் டாக்டரிடம் இப்போதே போகிறோம் என்றதும், "கைவிட்டுட்டாங்களா?" என்று சித்தி அழுதாள். பலருக்கும் அந்தப் பயம் இருக்கிறது. ஆனால் 2010இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முற்றிய நுரையீரல் புற்றுநோய்க்காரர்களில் ஆரம்பத்திலிருந்தே இந்தக் கவனிப்பும் சேர்த்துப் பெற்றவர்கள் மனச்சோர்வு குறைந்து, மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட மூன்று மாதம் கூடுதலாகவும் இருந்தார்கள். சித்திக்கு எண்கள் எடுபடவில்லை. அப்பா இரவில் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் சமாதானமானாள்.

ஸ்கேன் ரிசல்ட் வரும்வரை நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம். அப்பாவின் கவலை வேறு: ஆடியில் ஊர்க் கோயில் கொடை. கீமோ தேதி அதில் இடிக்கிறது. தயங்காமல் டாக்டரிடம் நேராகவே கேட்டார். அந்தச் சுற்றை ஒரு வாரம் தள்ளிவைக்கலாம், ரத்த அணுக்களின் எண்ணிக்கை நன்றாக இருந்தால் போய் வாருங்கள் என்றார் அவர்.

ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும். அன்று எட்டு மணிக்கு முன்பே எழுப்பி என்னை போனோடு உட்காரவைத்துவிட்டார். நெல்லை எக்ஸ்பிரஸில் இரண்டு டிக்கெட். ஒரு லோயர், ஒரு மிடில்.

"மிடில்ல நீ படுத்துக்கோ. திரும்பி வர்றதுக்கும் என்னைக்குத் திறக்கும்னு பாரு" என்றார்.