குடிலும் கோலமும்

தென் இங்கிலாந்தில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அண்மையில் எனக்கொரு விசித்திரமான வேண்டுகோளை விடுத்திருந்தார். தம் வீட்டுத் தோட்டத்தில் வைப்பதற்கெனப் பழைய இடையர் குடில் ஒன்றை அவர் வாங்கியிருக்கிறார். சுவருக்கு எந்த வண்ணம், தரைக்கு எந்தப் பலகை, யன்னலுக்கு எத்தகைய திரை என்று மாதிரிப் படங்கள் பலவற்றை அனுப்பி, "ஹார்டியின் நாவலைப் படிப்பித்தவர் நீங்கள்தாமே, சேர், நீங்களே சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தார். வண்ணந் தேரும் கலையில் எனக்குப் பயிற்சி இல்லை. ஆயினும், அவருக்கு நான் எழுதிய மறுமொழியில் அடங்கிய கருத்து நம்மவர் சிந்தனைக்கும் உரியதெனத் தோன்றுவதால் அதனை இங்கு விரித்துரைக்கின்றேன்.

இடையர் குடில் என்றதும் ஓலை வேய்ந்த சிறு கொட்டிலையே நாம் எண்ணிக்கொள்வோம். ஆங்கில நாட்டுக் குடில் அத்தகையதன்று. அது வார்ப்பிரும்புச் சக்கரங்கள் நான்கின்மேல் அமைந்த ஒற்றை அறை. ஏறக்குறைய 12 அடி நீளமும் 6 அல்லது 7 அடி அகலமும் கொண்டது. 19ஆம் நூற்றாண்டில் அது மிகப் பரவியிருந்தது. ஆட்டுப்பட்டியை வயலுக்கு வயல் மாற்றி, அதன் எருவால் நிலத்தை வளம்படுத்திய காலம் அது. ஆடுகள் ஈனும் பருவத்திலே குதிரைகள் குடிலை இழுத்துவந்து பட்டிக்கருகே நிறுத்தும். குளிர் நீங்காத அந்நாட்களில் இடையன் வாரக்கணக்கில் அதனுள்ளேயே தங்குவான்.

அவ்வறையின் உள்ளமைப்பைக் கவனியுங்கள். மூலையில் ஓர் இரும்பு அடுப்பு. அது இடையனுக்கும், குளிரில் விறைத்த குட்டிக்கும் பொது. சுவரில் மருந்துப் பேழை. ஒரு கோடியில் படுக்கை. அதன் கீழே, தாயை இழந்த குட்டிகளுக்கென ஓர் அடைப்பு. பக்கச் சுவர்களில் சிறு யன்னல்கள்; வெளியே வராமலே மந்தையைப் பார்ப்பதற்காக. கதவோ மேலும் கீழுமாக இரண்டாகப் பிளந்தது. அலங்காரம் என்று தனியே எதுவும் அங்கில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு தொழில் இருந்தது.

அத்தொழில்களுள் ஒன்றை மறந்தால் நேர்வது யாதென்பதைத் தோமஸ் ஹார்டி 1874இல் வெளியிட்ட 'ஃபார் ஃப்ரம் த மாடிங் கிரவுட்' நாவலிற் காட்டினார். கதைத் தலைவனாகிய கேப்ரியல் ஓக், குடிலின் காற்றுத் துவாரங்கள் இரண்டையும் மூடியவாறே அடுப்பருகில் உறங்கிவிடுகிறான். நாயின் ஊளை கேட்டு வந்த பத்ஷீபா கதவைத் திறந்திராவிடில் அவன் மூச்சடைத்து மாண்டிருப்பான். துவாரத்துக்கு இட்ட சிறு மரத் தள்ளுப் பலகையொன்று அங்கே உயிருக்கும் மரணத்துக்கும் இடையில் நிற்கிறது.

இன்று அக்குடில் வேறொரு கோலம் பூண்டுள்ளது. பிரித்தானியாவின் முன்னாட் பிரதமர் டேவிட் கமரூன் 2017இல் 25,000 பவுண் கொடுத்துப் புதிய குடிலொன்றை வாங்கித் தம் தோட்டத்தில் நிறுத்தினார். தம் நினைவு நூலை எழுத அதனைப் பயன்படுத்தினார். அதற்குப் பூசிய வண்ணங்களுள் ஒன்றின் வணிகப் பெயர் 'எலி முதுகு' என்பதையும் பத்திரிகைகள் சுவைபட எழுதின. எலியை விரட்டித் தீவனத்தைக் காத்த ஏழை இடையன் இதைக் கேட்டால் நகைத்திருப்பான்.

நான் அலங்காரத்துக்கு எதிரியல்லன். கோழிக் கூடுகளாகிச் சிதைந்துகொண்டிருந்த குடில்கள் பல, விடுமுறை விருந்தினருக்காக அழகுபடுத்தப்பட்டமையாலேயே பிழைத்தன. அவற்றை வாடகைக்கு விட்டு வருவாய் தேடும் விவசாயியைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. நான் வேண்டுவது ஒன்றே: எதனை மாற்ற முனைந்தாலும், 'இது இங்கே என்ன வேலை செய்தது?' என்று முதலில் வினவுதல் வேண்டும்.

அவ்வினாவே நல்ல வழிகாட்டியாகும். தகரக் கூரை விரைவிற் குளிரும்; உள்ளிருப்போர் மூச்சின் ஈரம் அதில் நீர்த்துளியாகும். ஆகவே கூரைக்கும் உட்பலகைக்கும் இடையே ஆட்டுரோமத்தை நிரப்பிக் காற்றோடச் சிறிது இடமும் விடுவது தகும். ரோமம் ஈரத்தை உறிஞ்சி மீண்டும் வெளிவிடும். ஆட்டுக்காகப் பிறந்த குடிலுக்கு ஆடே போர்வை தருவது பொருத்தமும் ஆகும். சுவர்ப் பலகைக்கு ஆளிவிதை எண்ணெய் சார்ந்த பூச்சு நன்று. மரம் விரிந்து சுருங்க அது இடங்கொடுக்கும். அடுப்பைச் சூழ்ந்து தீப்பற்றாத கல்லையோ தகட்டையோ பதித்தல் வேண்டும். இடுக்கெல்லாம் அடைத்து வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் இக்காலத்தில், காற்றுத் துவாரம் முன்னிலும் அவசியம்; காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. கனத்த திரைகளால் யன்னல்களை மறைத்தல் ஆகாது. சுவரில் இடையன் கோலையும் வெண்கல மணியையும் வாங்கி மாட்டுவதைவிட, கட்டிலின்கீழ் எஞ்சியுள்ள குட்டியடைப்பை அப்படியே விட்டுவைத்தல் மேலானது.

இவ்வளவும் இங்கிலாந்தின் கதையன்றோ, நமக்கென்ன என்று சிலர் கேட்கலாம். அக்குடிலின் கூரையான நெளிதகரம் 1829இல் ஹென்றி றொபின்சன் பாமர் இலண்டனிற் காப்புரிமை பெற்ற பொருள். அதே நெளிதகரந்தான் நம் மலையகத்து லயங்களையும் மூடிற்று. துரைமாரின் பங்களாக்கள் பல ஏற்கெனவே உல்லாச விடுதிகளாகிவிட்டன. நாளை லயத்து அறையொன்றையும் எவரேனும் 'எலி முதுகு' வண்ணம் தீட்டி, கொழுந்துக் கூடையைச் சுவரில் மாட்டி, பயணிகளுக்குக் காட்டக்கூடும். இங்கிலாந்தின் இடையன் குடிலை விட்டுப் போய்விட்டான். லயத்திலோ இன்றும் குடும்பங்கள் வாழ்கின்றன. ஒருவருடைய உழைப்பின் இடத்தை இன்னொருவருடைய ஓய்வின் இடமாக்கும்போது, முன்னவரின் நினைவைத் துடைத்தெறியாதிருப்பது நாகரிகத்தின் குறைந்தபட்சக் கடமை.

வண்ணம் எதுவென்று என் மாணவருக்கு நான் எழுதவில்லை. "உமக்கும் இல்லாளுக்கும் விருப்பமானதைப் பூசிக்கொள்ளும். அதற்கு முன், காற்றுத் துவாரங்கள் திறந்து மூடுகின்றனவா என்று ஒருமுறை கையால் தள்ளிப் பாரும்" என்று மாத்திரம் எழுதினேன்.