சர்வகலாசாலைக்குள் புகுந்த பெக்கோ

போரின் இறுதிக்கட்டத்தில் முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்காக யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்திலிருந்த நினைவுத்தூபியை இடிக்கும்படி கட்டளையிட்டவர் யார் என்ற கேள்விக்கு, 2021 ஜனவரி 8ஆம் திகதி இரவுக்குப் பின்னர் நமக்குக் கிடைத்துள்ள விடைகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் எவருக்கும், இடித்த செயலைக் காட்டிலும் அதற்குச் சொல்லப்பட்ட சமாதானங்களே கூடுதலான மனவேதனையைத் தரும். நிர்வாகம் மேலிடத்து அழுத்தம் என்கிறது. மேலிடமோ அது நிர்வாகத்தின் சொந்தத் தீர்மானம் என்கிறது. படைத்தரப்பு தனக்கு இதில் யாதொரு சம்பந்தமும் இல்லை என்கிறது. எல்லாரும் கைகழுவியபின் எஞ்சி நிற்பது, எவருடைய ஏவலுமின்றித் தானாக வளாகத்துக்குள் வந்து, தானாக இடித்துவிட்டுத் திரும்பிப்போன ஒரு பெக்கோ இயந்திரம்தான் என்று நாம் நம்பவேண்டியிருக்கிறது. அப்படி நம்புவதற்கு இந்த மண்ணில் எவரும் ஆயத்தமாக இல்லை.

தூபி போனது ஒரு துயரம். அது போன விதம் ஓர் அவமதிப்பு. வெள்ளிக்கிழமை இரவு, விரிவுரைகள் முடிந்து வளாகம் வெறிச்சோடிய வேளை பார்த்து, வாசற்கதவுகளைப் பூட்டி, உள்ளே இயந்திரத்தின் இரைச்சலைக் கேட்டு ஓடிவந்த மாணவர்களையும் ஊரவரையும் மதிலுக்கு வெளியே நிறுத்தி, அவர்களுக்கும் தூபிக்கும் இடையே காவற்றுறையினரையும் அதிரடிப்படையினரையும் அரணாக வைத்து இந்தக் காரியம் நிறைவேற்றப்பட்டது. நியாயமான காரியமென்று செய்தவர்கள் கருதியிருந்தால், அதைப் பகலிற் செய்திருக்கலாம். பேரவையைக் கூட்டி, காரணத்தை எழுத்தில் வைத்து, மாணவர் ஒன்றியத்தை அழைத்து, முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். மாணவர்கள் மறுத்திருப்பார்கள், வாதாடியிருப்பார்கள், ஒருவேளை நீதிமன்றத்தையும் நாடியிருப்பார்கள். அந்த மறுப்புக்கும் வாதத்துக்கும் இடங்கொடுப்பதற்காகத்தானே சர்வகலாசாலை என்ற ஸ்தாபனமே ஏற்பட்டது? வாதத்துக்கு அஞ்சி இருளைத் துணைகொண்ட ஒரு நிர்வாகம், அதன்பின் எந்த முகத்தோடு விரிவுரை மண்டபத்தில் ஏறி, ஆராய்ச்சி நேர்மையைப் பற்றியும் கருத்துச் சுதந்திரத்தைப் பற்றியும் அந்த மாணவர்களுக்குப் போதிக்கப்போகிறது?

அனுமதி பெறாத கட்டுமானம் என்பது அவர்கள் முன்வைக்கும் முதற் காரணம். இந்தத் தூபி ஒரே இரவில் முளைத்ததன்று. 2018இலும் 2019இலும் மாணவர்கள் பட்டப்பகலில், கல்லும் மணலும் சீமெந்தும் பிரதான வாசல் வழியாகக் கொண்டுவந்து, நிர்வாகக் கட்டடத்திலிருந்து பார்க்கக்கூடிய தூரத்தில் எழுப்பினார்கள். எழுந்தபோது காணாத கண்கள், அதன் முன்னே மே மாதத்தில் சுடரேற்றப்பட்டபோதும் காணாத கண்கள், திடீரென்று ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் மட்டும் கட்டட விதிகளைக் கண்டு திடுக்கிட்டன என்று சொன்னால், அதைச் சட்டப்பற்று என்று ஏற்க நம்மால் முடியவில்லை. அனுமதியின்மையே குற்றமாயின் அதற்கு அறிவித்தல் உண்டு, அவகாசம் உண்டு, விளக்கம் கேட்டல் உண்டு, பின்னேற்பாக அனுமதி வழங்கும் வழக்கமும் உண்டு. ஒரு பெட்டிக்கடையை அகற்றுவதற்கே நகரசபை கடிதம் அனுப்பிக் காலக்கெடு கொடுக்கிற நாட்டில், ஆயிரமாயிரம் குடும்பங்களின் கண்ணீருக்கு அடையாளமாக நின்ற ஒரு தூபிக்கு அந்த மரியாதைகூடக் கிடைக்கவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் வருந்தத்தக்கது. நாட்டுக்கு இப்போது வேண்டியவை யுத்தச் சின்னங்களல்ல, சமாதானச் சின்னங்களே என்று உயர்கல்விக்குப் பொறுப்பான பீடத்திலிருந்து நமக்கு உபதேசிக்கப்பட்டது. இந்த உபதேசத்தைச் செய்தவர்கள் யாழ்ப்பாணத்துக்குத் தரைவழியாக வந்ததுண்டா என்று கேட்கத் தோன்றுகிறது. கிளிநொச்சியில் வீதியோரத்திலேயே, எறிகணை துளைத்துப் பிளந்த பெரிய சீமெந்துக் கட்டியும் அதன்மேல் மலர்ந்த தாமரையுமாக வெற்றிச்சின்னம் நிற்கிறது. ஆனையிறவில் ஒன்று நிற்கிறது. புதுக்குடியிருப்பில், முள்ளிவாய்க்காலுக்குப் போகும் வழியிலேயே, துப்பாக்கியும் கொடியும் ஏந்திய போர்வீரனின் சிலை நீர்நிலையின் நடுவே நிற்கிறது. இவை யாவும் அரசாங்கத்தின் செலவில், அரசாங்கத்தின் காவலில், சனங்கள் இறந்த மண்ணின்மீதே நிற்கின்றன. மாணவர்கள் எழுப்பிய தூபியில் துப்பாக்கி இல்லை, கொடி இல்லை, வெற்றி இல்லை. அபயம் கேட்டு மேல்நோக்கி நீண்ட கைகள் மட்டுமே இருந்தன. அந்தக் கைகள் யுத்தத்தின் சின்னமென்றும் அந்தத் துப்பாக்கி சமாதானத்தின் சின்னமென்றும் தீர்ப்பளிக்கிற புத்தியிலிருந்து எந்தச் சமாதானமும் பிறக்கப்போவதில்லை.

1971இலும் 1987 முதல் 1989 வரையிலும் அரசுக்கெதிராக ஆயுதமேந்தி மாண்ட தென்னிலங்கை இளைஞர்களை, அவர்களுடைய கட்சியினர் ஆண்டுதோறும் ஏப்ரிலிலும் நவம்பரிலும் பகிரங்கமாகக் கூடி, படங்களுக்கு மலர் சூட்டி நினைவுகூருகிறார்கள். அதை நாம் குறைசொல்லவில்லை. தாயொருத்தி தன் பிள்ளைக்காக அழுவதற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டியதில்லை. தெற்கிலே இயல்பாயிருக்கும் அந்த உரிமை வவுனியாவைத் தாண்டியதும் குற்றமாகிவிடுவது ஏன் என்பதே நமது கேள்வி.

முள்ளிவாய்க்காலில் மாண்டவர்கள் எத்தனை பேர் என்று சுயாதீனமாகக் கணக்கெடுப்பதற்கே இந்த நாடு சம்மதிக்கவில்லை. ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு, இறுதிக்கட்டத்தில் நாற்பதாயிரம் வரையான குடிமக்கள் கொல்லப்பட்டிருக்கலாமென்று 2011இல் சொல்லியது. அந்த நிறுவனமே தன் சொந்தத் தவறுகளை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட அறிக்கை, எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் கணக்கில் வரவில்லையென்றது. மன்னார் ஆயர் இராயப்பு யோசேப்பு அவர்கள் அரசாங்கத்தின் புள்ளிவிவரங்களையே ஒப்பிட்டு, 1,46,679 பேர் என்னவானார்கள் என்று நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் கேட்டார். அந்தப் பெருமகனின் கேள்விக்கு இன்றுவரை பதில் இல்லை. நடந்தது இனப்படுகொலையே என்று வட மாகாண சபை 2015 பெப்ரவரியில் தீர்மானம் நிறைவேற்றியது. அதற்கும் பதில் இல்லை. எண்ணிக்கையும் இல்லை, விசாரணையும் இல்லை, பல குடும்பங்களுக்குப் புதைத்த இடமும் இல்லை என்றான பிறகு, மிஞ்சியிருந்தது ஒரு தூபி.

ஜெர்மனியில் மியூனிக் சர்வகலாசாலையின் சரித்திரத்தை நமது நிர்வாகிகள் வாசித்திருப்பார்களென்று எண்ணுகிறோம். போலந்தில் யூதர்கள் இலட்சக்கணக்கில் கொல்லப்படுவதைத் துண்டுப் பிரசுரங்களில் எழுதி வெளியிட்ட வெள்ளை ரோஜா இயக்கத்தைச் சேர்ந்த ஹான்ஸ் ஷோலையும் அவர் தங்கை சோஃபி ஷோலையும், 1943 பெப்ரவரி 18ஆம் திகதி, பல்கலைக்கழகக் கட்டடத்துக்குள்ளேயே பிடித்துக்கொடுத்தவன் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஊழியன். நான்காம் நாள் இருவரும் சிரச்சேதம் செய்யப்பட்டார்கள். அவர்களுக்குத் துணைநின்ற பேராசிரியர் குர்ட் ஹூபரின் கலாநிதிப் பட்டத்தையே அந்தப் பல்கலைக்கழகம் பறித்தது. பின்னர் அவரும் கொல்லப்பட்டார். அன்று மேலிடத்துக்கு அடங்கிப்போன அதே சர்வகலாசாலையின் முன்றிலுக்கு இன்று அந்தச் சகோதரரின் பெயர் சூட்டப்பட்டிருக்கிறது. அவர்கள் வீசிய பிரசுரங்கள் நடைபாதைக் கற்களிற் பதிக்கப்பட்டிருக்கின்றன. தன் பிள்ளைகளைக் காட்டிக்கொடுத்த வரலாற்றை அது தன் வாசலிலேயே எழுதிவைத்திருக்கிறது. கொரியாவின் குவாங்ஜு நகரில், 1980ஆம் ஆண்டு, முள்ளிவாய்க்கால் நினைவு நாளாகிய அதே மே 18ஆம் திகதி, சொன்னம் தேசியப் பல்கலைக்கழக வாசலில் மாணவர்களுக்கும் படையினருக்கும் மூண்ட மோதல் பெரும் படுகொலையில் முடிந்தது. பல்லாண்டுகள் அதைப் பேசுவதே குற்றமாயிருந்த அந்த நாட்டில், 1997 முதல் அந்த நாள் அரசாங்கமே அனுட்டிக்கும் நினைவு நாளாயிற்று. அங்கேயும் மேலிடம் இருந்தது. அங்கேயும் உத்தரவுகள் வந்தன.

நமது பல்கலைக்கழகத்தை ஆள்வோரும் அவர்களுக்கு மேலிருந்து ஆட்டுவிப்போரும் இதுவரை நடந்துகொண்ட முறையை நினைத்தால், ஜனவரி 8ஆம் திகதி இரவு ஆச்சரியத்துக்குரியதன்று. 2012 நவம்பர் 27ஆம் திகதி, மாவீரர் நாளுக்காக விடுதிகளில் மாணவர்கள் விளக்கேற்றினார்கள் என்பதற்காகப் படையினர் விடுதிகளுக்குள்ளேயே புகுந்தார்கள். மறுநாள் அமைதியாகப் பேரணி வந்த மாணவர்கள் அடித்து நொறுக்கப்பட்டார்கள். மாணவத் தலைவர்கள் நால்வர் வெலிகந்தைக்குப் ‘புனர்வாழ்வு’ பெற அனுப்பப்பட்டார்கள். பெற்றோர்கள் ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கிய அந்த வாரங்களில், பிள்ளைகளைத் தன் பொறுப்பில் ஏற்றிருந்த ஸ்தாபனத்திலிருந்து அந்தத் துயரத்துக்கு ஈடான ஓர் உரத்த குரல் எழக் காணோம். 2019 மே மாதத்தில், உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பின்னான சோதனையின்போது, ஒன்றிய அறையிலிருந்த படங்களைக் காரணங்காட்டி, மாணவர் ஒன்றியத் தலைவரும் செயலாளரும் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார்கள். அதே மாதத்தில் உபவேந்தர் ஒருவர் சனாதிபதியின் உத்தரவினால் நீக்கப்பட்டார்; அதற்கு ஊரிலே பேசப்பட்ட காரணங்களுள் இந்தத் தூபியும் ஒன்று. ஒவ்வொரு தடவையும் மௌனமே விவேகமென்று அந்த உயர்பீடத்தில் இருந்தவர்கள் கருதினார்கள். அந்த மௌனத்தைக் கண்டு வளர்ந்த துணிவுதான் இப்போது பெக்கோவாக வளாகத்துக்குள் வந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமற் செல்வது நேர்மையாகாது. இதே பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராயிருந்த ராஜனி திராணகம, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, பரீட்சை அலுவல் முடித்துத் துவிச்சக்கர வண்டியில் வீடு திரும்பும் வழியிற் சுட்டுக்கொல்லப்பட்டார். எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் பதிவுசெய்த அந்த அம்மையாரை நினைவுகூரவும் இந்த வளாகத்தில் தாராளமான இடம் இருக்கவேண்டும். யாரை நினைக்கலாம், யாரை நினைக்கலாகாது என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை எந்தக் கையில் கொடுத்தாலும் அது ஆபத்தானது என்பதை இந்த மாணவர்களும் மனத்திற் கொள்வார்களாக.

இடிப்புக்கு அவர்கள் தெரிந்தெடுத்த நாளைப் பாருங்கள். 1974 ஜனவரி 10ஆம் திகதி, நான்காவது உலகத் தமிழாராய்ச்சி மகாநாட்டின் இறுதி நாளில், வீரசிங்கம் மண்டபத்தின் முன்னே திரண்டிருந்த கூட்டத்தினுள் காவற்றுறை புகுந்ததனால் உயிர்நீத்தவர்களுக்காக, ஆண்டுதோறும் யாழ்ப்பாணம் கண்ணீர் விடும் தினத்துக்கு இரண்டே நாட்கள் இருந்தன. 1981 மே 31ஆம் திகதி இரவு தொடங்கி 97,000 நூல்களோடு பொதுநூலகம் எரிந்த நகரம் இது. அந்த நூலகமும் இரவிலேதான் எரிந்தது. 1921இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பரமேசுவராக் கல்லூரியை நிறுவிய நிலத்திலே, கைலாசபதி முதல் தலைவராயிருந்து 1974இல் தொடக்கிவைத்த ஸ்தாபனத்துக்குள்ளே, வெளியார் எரித்த இரவுகளோடு சேர்த்தெண்ணும்படி உள்ளிருந்தோரே இடித்த இரவொன்றும் சேர்ந்துவிட்டது. இதை எழுதும்போது நமக்கு உண்டாகும் வெட்கத்தை மறைக்க விரும்பவில்லை.

இடிப்பைத் தொடர்ந்த திங்கட்கிழமை வடக்கும் கிழக்கும் பூரண ஹர்த்தாலில் அடங்கின. தங்கள் ஜனாஸாக்களைக் கொரோனாவின் பெயரால் பலவந்தமாக எரிக்கும் கொடுமையை அப்போது அனுபவித்துக்கொண்டிருந்த முஸ்லிம் சகோதரரும் இந்தத் துயரத்திற் பங்குகொண்டார்கள். இறந்தவரை உரிய முறையில் வழியனுப்ப விடாத அரசின் கை இரண்டு வீடுகளிலும் ஒன்றே என்பதை அவர்களுக்கு எவரும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அன்று காலையில் நிர்வாகம் தூபியை மீண்டும் கட்டுவதற்கென்று அவசரமாக அடிக்கல் நாட்டி, இடிப்பை எதிர்த்து உண்ணாவிரதமிருந்த மாணவர்களுக்குக் கஞ்சி கொடுத்து, போராட்டத்தை முடித்துவைத்தது. மாணவர்கள் நல்லெண்ணத்தோடு அதைப் பருகினார்கள். வெள்ளி இரவு சட்டவிரோதமாயிருந்தது திங்கள் காலையில் எப்படிச் சட்டபூர்வமாயிற்று என்று நிர்வாகத்தைக் கேட்கும் கடமையோ நமக்கிருக்கிறது. எது மாறியது? விதி மாறவில்லை, வீதியில் இறங்கிய சனத்தொகைதான் மாறியது. சனத்துக்கு அஞ்சி நாட்டிய கல்லை, நாளை மேலிடத்துக்கு அஞ்சிப் பிடுங்கமாட்டார்கள் என்பதற்கு என்ன உத்தரவாதம் இருந்தது? கட்டடம் எப்போது எழும், எந்த வடிவில் எழும், யாருடைய செலவில் எழும் என்பதொன்றும் அன்று எழுத்தில் இருக்கவில்லை. இடிக்கச் சொன்ன கடிதம் உண்டாயின் அதுவும் வெளிவரவில்லை.

இந்தச் சர்வகலாசாலை தன் சுயமரியாதையை மீட்டுக்கொள்ள வேண்டும். அதற்குரிய வழியைப் பேராசிரியர்களும் பழைய மாணவர்களும் இந்த மண்ணின் பெரியோர்களும் கூடிச் சிந்திக்கட்டும். நாம் கேட்பது மிகக் கொஞ்சம்: உத்தரவிட்டவர் எவராயினும் அவர் தம் பெயரைச் சொல்லட்டும், பணிந்தவர்கள் ஏன் பணிந்தோமென்று மாணவர் முன்னிலையிற் சொல்லட்டும்.